மாமாவின் தோளும் ஒரு கியர் லிவரும்

(முதுகலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

மண்வெட்டிக்குக் காம்பு போடும் உழவர், அதைத் தரையில் ஊன்றித் தம் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அறுப்பார். தையற்காரர் தம் கத்தரிக்கோலைப் பிறர் கையில் எளிதில் கொடுக்க மாட்டார். கருவி எத்துணை உயர்ந்ததாயினும், பிடிக்கும் இடம் கைக்கு இசையவில்லை என்றால் நாள் முடிவில் தோளும் மணிக்கட்டும் அதைச் சொல்லிக் காட்டிவிடும். எல்லாருக்கும் தெரிந்த இந்த எளிய உண்மையை எண்களோடு எனக்குக் கற்பித்தது ஒரு காரின் கியர் லிவர். அதுவும் நம் ஊர்க் கார் அன்று. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் என் தாய்மாமா வைத்திருக்கும் 1969ஆம் ஆண்டு ஷெவர்லே கமாரோ.

மாமா கோவைப் பக்கத்தில் லேத் பட்டறையில் தொழில் பழகியவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக டெட்ராயிட் நகரை ஒட்டிய ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை செய்கிறார். இங்கே இருந்தவரை அம்பாசடரின் ஸ்டீயரிங் கம்பத்தில் இருந்த கியரை இடக்கையால் போட்டுப் பழகியவர். அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்புறம் என்பதால் கியர் போடும் வேலை வலக்கைக்கு வந்துவிட்டது. அந்த வலக்கையின் தோள்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறுகிப்போயிற்று. மருத்துவர்கள் இதற்கு 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்று பெயர் சொல்கின்றனர். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கி, கையின் அசைவைக் குறைத்துவிடும் நோய் அது. கையை வெளிப்புறமாகத் திருப்புவதும் எட்டி நீட்டுவதும் கடினமாகும். ஆற நெடுங்காலம் பிடிக்கும்.

அத்தைக்கு அந்தக் காரை விற்றுவிட வேண்டும் என்ற எண்ணம். இல்லாவிட்டால் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியாக மாற்றிவிட வேண்டும். "உங்க மாமனுக்குத் தோள் முக்கியமா, அந்தக் குச்சி முக்கியமான்னு நீயே கேளு கண்ணு" என்று தொலைபேசியில் என்னிடமே முறையிட்டார். அத்தை சொன்னதில் நியாயம் இருந்தது. நடுச் சாலையில் கியர் விழாமல் கை தடுமாறினால் துன்பம் மாமாவுக்கு மட்டும் அன்று, பின்னால் வருவோருக்கும்தான். மாமா ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். தோளை வருத்தாத ஒரு கியர் லிவரைக் கோடைக்குள் கண்டுபிடித்துப் பொருத்துவது, முடியாவிட்டால் காரை விற்றுவிடுவது. பிறகு என்னிடம், "கண்ணு, நீ பிசிக்ஸ் படிக்கிறவ. புஸ்தகத்துல படிச்சா மட்டும் போதுமா? கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். டூல் ரூமில் வேலை செய்கிறவருக்கு என் கணக்கு தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் ஒப்புக்கொண்டேன்.

வலிமையைப் பெயராகக் கொண்ட கார்கள்

இந்தக் கார்களுக்கு அமெரிக்கர் இட்ட பெயர் 'மஸில் கார்'. தசை வலிமை மிக்க கார் என்பது பொருள். நடுத்தர அளவுள்ள ஓர் எளிய காரில் மிகப் பெரிய வி-8 இஞ்சினைப் பொருத்திவிடுவதே இதன் சூத்திரம். 1964ஆம் ஆண்டு மாடலாக வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ.வை இவ்வகைக்கு முன்னோடியாகப் பலரும் கூறுவர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இஞ்சின் கூடாது என்று விதி வைத்திருந்தது. பாண்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராயிருந்த ஜான் டிலோரியனும் அவர் குழுவினரும் அந்த விதிக்கு ஒரு சந்து கண்டுபிடித்தனர். புதிய கார் என்று சொல்லாமல், இருக்கும் காருக்கே விரும்புவோர் வாங்கிக்கொள்ளும் கூடுதல் அங்கமாக 389 கன அங்குல இஞ்சினை விற்றனர். முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றன. விதியை வகுத்தவர்கள் வாயடைத்துப் போயினர்.

அந்த ஜி.டி.ஓ.வில் தரையிலிருந்து எழும் கியர் லிவரைச் செய்து கொடுத்தது ஹர்ஸ்ட் என்ற நிறுவனம். அதை நிறுவிய ஜார்ஜ் ஹர்ஸ்ட் விந்தையான மனிதர். பந்தயக்காரர்கள் வெறியோடு இழுத்தாலும் வளையாத, குறி தவறாத லிவர்களைச் செய்து புகழ் பெற்றார். பந்தய விபத்தில் நசுங்கிய காருக்குள் சிக்கியவரை மீட்க, தகட்டைப் பிளந்து விரிக்கும் நீர்ம அழுத்தக் கருவியை உருவாக்கியவரும் அவரே. அந்தக் கருவியின் வழிவந்தவற்றை இன்று உலகெங்கும் தீயணைப்புப் படையினர் பயன்படுத்துகின்றனர். வேகத்தைக் கூட்டும் கோலையும், வேகத்தில் வீழ்ந்தவரைக் காக்கும் கருவியையும் ஒரே மூளை சிந்தித்தது என்பது வியப்பன்றோ!

அக்காலத்தில் கியர் லிவர் ஒரு பெருமைச் சின்னம். 1964இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் 4-4-2 என்ற காரின் பெயரிலேயே நான்கு கியர் இடம் பிடித்தது. முதல் 4 நான்கு வாய்க் கார்புரேட்டரையும், இரண்டாவது 4 நான்கு கியரையும், 2 இரட்டைப் புகைபோக்கியையும் குறித்தன. 1970ஆம் ஆண்டு மாடலில் டாட்ஜ் சேலஞ்சர், பிளைமவுத் பாரகூடா போன்ற கார்களுக்குத் துப்பாக்கிப் பிடி வடிவிலேயே லிவர் வந்தது. பிறகு காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. 1970இல் தூய காற்றுச் சட்டம் கடுமையானது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அந்த யுகம் அத்துடன் அடங்கிற்று. கையால் கியர் மாற்றும் வழக்கமே அந்நாட்டில் இன்று அருகிவிட்டது. 2020ஆம் ஆண்டு மாடலிலிருந்து கார்வெட் என்ற பந்தய வகைக் காரிலும் கூடக் கிளட்ச் பெடல் இல்லை. ஆகவே மாமாவைப் போன்றவர்களுக்கு அந்த லிவர் வெறும் உறுப்பு அன்று. தம் கையும் இஞ்சினும் பேசிக்கொள்ளும் இடம் அது.

லிவருக்குக் கீழே

லிவரைத் தேர்ந்தெடுக்குமுன் அதற்குக் கீழே நடப்பது என்ன என்று அறிய வேண்டும். மாமாவின் காரில் இருப்பது மன்சி எம்-20 என்ற நான்கு கியர் பெட்டி. இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரில் உருவானதால் அப்பெயர். முதல் கியரின் விகிதம் 2.52. அதாவது இஞ்சின் 2.52 சுற்று சுற்றினால் கியர் பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு ஒரு சுற்று சுற்றும். நான்காவது கியரில் ஒன்றுக்கு ஒன்று. இதன் உடன்பிறப்பான எம்-22 பெட்டியில் பற்களின் சாய்வு குறைவு. அதனால் வலிமை மிகும், ஓசையும் மிகும். அந்த ஓசைக்காகவே அதற்குப் 'பாறை நொறுக்கி' என்ற பொருளில் பட்டப்பெயர் உண்டு.

இன்றைய கார்கள் பலவற்றில் லிவர் நேராகக் கியர் பெட்டிக்குள்ளேயே இறங்கிவிடும். இந்தப் பழைய பெட்டியில் அப்படி அன்று. லிவர் பெட்டிக்கு வெளியே தனியாக நிற்கிறது. அதன் அடியிலிருந்து மூன்று இரும்புக் கம்பிகள் போகின்றன. ஒன்று முதல் இரண்டு கியர்களுக்கு, ஒன்று மூன்றுக்கும் நான்குக்கும், மற்றொன்று ரிவர்ஸுக்கு. லிவரை இடப்புறமோ வலப்புறமோ தள்ளும்போது எந்தக் கம்பியைப் பற்றுவது என்று தீர்மானிக்கிறோம். முன்னும் பின்னும் தள்ளும்போது அந்தக் கம்பியை நகர்த்துகிறோம். கம்பியின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சிறு புஷ் உண்டு. பெட்டிக்குள்ளே 'சிங்க்ரனைசர்' என்னும் பித்தளை வளையம், சேர வேண்டிய பற்சக்கரத்தின் கூம்பின்மேல் உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. சமமான பிறகே பல்லோடு பல் சேரும். அந்த வளையத்துக்குச் சிறிது நேரம் கொடுக்க வேண்டும். அதற்குள் கை அவசரப்பட்டால் தேய்வது அந்த வளையம்தான்.

முதலில் பழுது, பிறகு பொருள்

வலிக்கிறது என்றதும் புதிய பொருள் வாங்க ஓடுவது மனித இயல்பு. விலைப் பட்டியல்களை மாமாவும் புரட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் எந்த ஆய்வகத்திலும் முதல் வேலை, இருக்கும் நிலையை அளப்பது. ஆகவே, லிவரை இழுக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளக்கச் சொன்னேன். அதற்குக் கருவி? விமானப் பயணத்துக்கு முன் பெட்டியின் எடையைப் பார்க்க, கொக்கியுள்ள சிறு கைத்தராசு ஒன்று அத்தையிடம் இருந்தது. வெளிநாட்டில் வாழும் நம்மவர் வீடு எதிலும் அது இல்லாமல் இராது. இஞ்சினை நிறுத்திவிட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, அந்தக் கொக்கியை லிவரின் குமிழில் மாட்டி, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தார் மாமா. தராசு உச்சத்தில் 18 பவுண்டு காட்டிற்று. ஏறத்தாழ 8 கிலோகிராம் எடையைத் தூக்குவதற்கு ஒப்பு அது. இறுகிய தோளுக்கு அது பெருஞ்சுமை.

கார் மேடையேறியது. கீழே படுத்துப் பார்த்தபோது மாமாவுக்குக் காரணம் விளங்கிற்று. முன்பு அந்தக் காரை வைத்திருந்த யாரோ ஒருவர் பொருத்திய புஷ்கள் உலர்ந்து பிளந்திருந்தன. கம்பிகளில் ஒன்று, ஓடும்போது பக்கத்துக் கம்பியை உரசிக்கொண்டிருந்தது. கம்பிகளின் நீளமும் ஒழுங்காக வைக்கப்படவில்லை. இதைச் சரிசெய்ய எளிய முறை ஒன்று உண்டு. லிவரின் அடிப்பகுதியில் ஒரு துளை இருக்கிறது. கியர் நியூட்ரலில் இருக்கும்போது கால் அங்குலக் கம்பி ஒன்று அத்துளைகள் எல்லாவற்றின் வழியாகவும் தடையின்றி நுழைந்து வெளிவர வேண்டும். நுழையவில்லை என்றால் இணைப்புக் கம்பிகளின் நீளத்தைத் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைச் செய்தார். புதிய புஷ்கள் போட்டார், மசகு இட்டார். மறுபடியும் தராசை மாட்டினார். 11 பவுண்டு!

புதிய லிவர் வாங்குமுன்பே சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. செலவு சில புஷ்களின் விலைதான். பழைய கார் வைத்திருப்போர் பலர் லிவரின்மேல் சொல்லும் குறைகளில் ஒரு பகுதி உண்மையில் புஷ்ஷின் குறையாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன். ஓடும் வண்டியில் சிங்க்ரனைசரின் வேலையும் சேர்வதால் கை உணரும் விசை இந்த எண்ணிலிருந்து மாறுபடும். ஆனாலும் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட இந்த அளவு போதும்.

44 என்ற எண்

இப்போதுதான் லிவரின் முறை வந்தது. மாமாவின் ஆசை குட்டை லிவரின் மேல். கையை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் கியர் விழுந்துவிடும், தோளுக்கு வேலையே இராது என்பது அவர் எண்ணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. தொலைவு குறைந்தால் உழைப்பும் குறையும் அல்லவா?

இங்கேதான் நெம்புகோல் விதி குறுக்கிடுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து நாம் எழுதி வரும் விதி. லிவர் ஒரு நெம்புகோல். அது சுழலும் மையத்திலிருந்து நம் கை இருக்கும் தொலைவு எவ்வளவோ, அதற்கேற்பக் கை நகரும் தூரம் கூடும், தள்ள வேண்டிய விசை குறையும். மாமாவின் காரில் இருந்த நேர்க் கோலில் மையத்திலிருந்து குமிழ் வரை 10 அங்குலம். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குக் குமிழ் நகரும் தூரம் 4 அங்குலம். விசை 11 பவுண்டு. இரண்டையும் பெருக்கினால் 44.

கோலை 7 அங்குலமாகக் குறைத்தால் என்ன ஆகும்? குமிழ் நகரும் தூரம் 2.8 அங்குலமாகக் குறையும். விசை 15.7 பவுண்டாக ஏறும். பெருக்கினால் ஏறத்தாழ 44. கோலை 12 அங்குலமாக நீட்டினால்? தூரம் 4.8 அங்குலம், விசை 9.2 பவுண்டு. பெருக்கினால் மறுபடியும் 44. வழி நெடுகிலும் விசை ஒரே அளவாக இராது என்பதால் இது துல்லியமான வேலைக் கணக்கு அன்று. ஆனால் போக்கைக் காட்டுவதற்கு இது போதும். எந்தக் கடையில் எந்த லிவரை வாங்கினாலும் அந்த 44-ஐக் குறைக்க முடியாது. அதைக் குறைப்பது புஷ்ஷும் மசகுமே. 18-ஐ 11 ஆக்கியவை அவைதாம். லிவர் செய்வதெல்லாம் அந்த 44-ஐத் தூரமாகக் கொடுப்பதா, பாரமாகக் கொடுப்பதா என்று நம்மைக் கேட்பது மட்டுமே.

பந்தயக்காரனுக்கு நேரம் முக்கியம். அவன் பாரத்தைத் தாங்கிக்கொண்டு தூரத்தைக் குறைப்பான். குட்டை லிவர் அவனுக்கு. மாமாவின் தோளுக்குப் பாரம்தான் பகை. தூரம் எந்தத் திசையில் என்பதைப் பொறுத்துச் சற்றுக் கூடினாலும் அது தாங்கும். அந்த நிலையில் நீண்ட லிவரே அவருக்குச் சுகம். கணக்கை எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். சிறிது நேரம் கழித்து மாமாவின் பதில் வந்தது: "நெம்புகோல்கிட்ட பேரம் பேச முடியாதுன்னு பட்டறையில என் குரு சொல்லுவார். நீ அதையே சொல்றே கண்ணு."

கை விழும் இடம்

நீளம் தெரிந்துவிட்டது. எங்கே இருக்க வேண்டும் என்பது அடுத்த வினா. ஓட்டுநரின் இருக்கையை முன்னே நகர்த்தினால் லிவர் கைக்குக் கிட்டாதா என்று கேட்கலாம். ஓரளவே கிட்டும். ஏனெனில் இருக்கை நிற்க வேண்டிய இடத்தைத் தீர்மானிப்பது இடக்கால். கிளட்சை அடிவரை மிதிக்கும்போதும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும், முதுகு இருக்கையை விட்டு விலகக் கூடாது. அதைவிட முன்னே நகர்ந்தால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும். கால் இடத்தைப் பிடித்த பிறகு கை தன் இடத்தைக் கேட்கிறது. ஆகவே லிவர்தான் கையை நாடி வர வேண்டும்.

மாமா கிளட்சை முழுதும் மிதித்து, முதுகைச் சாய்த்து அமர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, முழங்கையை உடலோடு ஒட்டி வைத்து, வலக்கையைத் தானாக முன்னே விழ விட்டார். கை வலியின்றி நின்ற இடத்தை அத்தை தையல் நாடாவால் அளந்தார். "ஒரு குச்சிக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்ற அங்கலாய்ப்போடுதான் அளந்தார், ஆனால் மூன்று முறை அளந்தார். நியூட்ரலில் நிற்கும் பழைய குமிழைவிட 4 அங்குலம் பின்னே, ஒன்றே கால் அங்குலம் மேலே. அதுதான் கை விழும் இடம்.

பழைய நேர்க் கோலில் மாமாவுக்கு மிகுதியும் வலி தந்தது மூன்றாவது கியர் என்பது அப்போது விளங்கிற்று. எச் எழுத்து வடிவில் அமைந்த கியர் வரிசையில், இடப்புறம் அமர்ந்தவருக்கு மூன்றாவது கியர் முன்னேயும் விலகியும் இருக்கிறது. கையை எட்டி நீட்டி வெளியே தள்ள வேண்டும். இறுகிய தோள் மறுக்கும் அசைவு அதுவே. குமிழ் 4 அங்குலம் பின்வாங்கி வந்தால் அந்த எட்டுதல் அத்தனையும் மிச்சம்.

இத்தகைய தேவைக்காகவே பின்னோக்கி வளைந்த கோல்கள் பல அளவுகளில் விற்கப்படுகின்றன. லிவரின் அடிப்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே உள்ள கோலை மட்டும் கழற்றி மாற்றலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. வளைந்த கோலின் நீளத்தை வளைவின் வழியே அளப்பதில் பொருள் இல்லை. மையத்திலிருந்து குமிழ் வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். பழைய 10 அங்குலத்தோடு ஒன்றே கால் சேர்த்தால் உயரம் 11.25. பின்வாங்கல் 4. பைதாகரஸ் கணக்குப்படி நேர்த் தொலைவு 11.9, அதாவது 12 என்றே கொள்ளலாம். விசைக்காக நாங்கள் கணக்கிட்டு வைத்திருந்த நீளமும் அதுவே. இரண்டும் ஒத்து வந்தது தற்செயல்தான். ஆனாலும் மாமாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

வாங்குமுன் இன்னொரு சோதனையும் செய்தார். துடைப்பக் கட்டை ஒன்றை அறுத்து, பழைய கோலோடு சாய்வாகக் கட்டி, அதன் நுனியில் பழைய குமிழைச் செருகினார். நிற்கும் காரில் அரை மணி நேரம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டுப் பார்த்தார். குமிழ் மையத்துக்குப் பின்னே இருப்பதால் அது நகரும் வட்டவில் சாய்கிறது. இரண்டாவதுக்கு இழுக்கும்போது கை பின்னும் கீழுமாகப் போகிறது, கையின் எடையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. முதலாவதுக்குத் தள்ளும்போது சற்றே மேல்நோக்கிப் போகிறது. அது சிறிது பாரம்தான். ஆனால் முதல் கியர் பெரும்பாலும் வண்டி நிற்கையில் போடுவது, அவசரம் இல்லை. அந்தக் கொடுக்கல் வாங்கலை மாமாவின் தோள் ஏற்றுக்கொண்டது.

குமிழும் பிற சிறு பொருள்களும்

எஞ்சியது கை தொடும் குமிழ். துப்பாக்கிப் பிடி அழகானது, கை நிறையப் பற்றலாம். ஆங்கில டி எழுத்துப் போன்ற பிடியை விரல்களால் கொக்கி போட்டு இழுக்கலாம். ஆனால் இரண்டும் மணிக்கட்டை ஒரே கோணத்தில் நிறுத்திவிடுகின்றன. உருண்டைக் குமிழில் கை விருப்பம்போல் திரும்பும். இழுக்கும்போது விரல்கள், தள்ளும்போது உள்ளங்கை. திரும்ப மறுக்கும் தோளுக்கு, மணிக்கட்டுக்காவது உரிமை கொடுக்கும் உருண்டையே ஏற்றது. பளபளக்கும் உலோகக் குமிழை மாமா ஒதுக்கினார். மிச்சிகனின் குளிர்காலையில் அதைத் தொட்டால் பனிக்கட்டி, வெயிலில் நிறுத்திய காரில் அதுவே தோசைக்கல். கியர் வரிசை பொறித்த வெள்ளை உருண்டை ஒன்று போதும் என்று முடிவாயிற்று.

கோலின் அடியில் இரும்புக்கும் இரும்புக்கும் இடையே ரப்பர் வைத்த வகையும் உண்டு. இஞ்சினின் அதிர்வு கைக்கு ஏறாது, ஆனால் கியர் விழும் உணர்வு சற்று மங்கும். மாமா அந்த மங்கலை ஏற்றுக்கொண்டார். கடைசியாக, லிவரின் அடியில் உள்ள தடுப்புத் திருகுகள். கியர் விழுந்த பிறகும் கை தள்ளிக்கொண்டே இருந்தால் பெட்டிக்குள் உள்ள கவைகள் வளையும். திருகைச் சரியாக வைத்தால் கோல் அங்கே நின்றுவிடும். "விழுந்துவிட்டது, போதும்" என்று கைக்குச் சொல்லும் மொழி அது. தேவைக்கு மேல் தள்ளாத தோள் அந்த அளவுக்கு இளைப்பாறும்.

ஐந்து கியர் உள்ள புதிய பெட்டியையே வாங்கிப் பொருத்துவோரும் அங்கே உள்ளனர். நெடுஞ்சாலையில் இஞ்சின் அமைதியாக ஓடும் என்பது அதன் சிறப்பு. ஆனால் அதன் விலை, மாமா கோலுக்கும் குமிழுக்கும் புஷ்களுக்கும் கொடுத்ததைப் போலப் பன்மடங்கு. அந்தப் பேச்சு அதோடு நின்றது.

உட்வர்ட் சாலையில்

கியர் லிவர் சுகமானதா என்பது வேகத்தில் தெரியாது. நெடுஞ்சாலையில் நான்காவது கியரில் போட்டுவிட்டால் ஒரு மணி நேரம் அதைத் தொட வேண்டியதில்லை. ஊர்ந்து போகும் நெரிசலில்தான் தெரியும். டெட்ராயிட்டிலிருந்து பாண்டியாக் நகர் வரை செல்லும் உட்வர்ட் சாலையில், 1995 முதல் ஆகஸ்டு மாதந்தோறும் பழைய கார்களின் பெரும் ஊர்வலம் நடக்கிறது. 1960களில் இளைஞர்கள் இரவில் பந்தயம் விட்ட அதே சாலை. இன்று அந்த நாளில் அங்கே ஆமை வேகம். ஒன்று, இரண்டு, நிறுத்து. மறுபடியும் ஒன்று, இரண்டு, நிறுத்து. திருவிழாக் கூட்டத்தில் தேர் நகர்வதைப் போலத்தான்.

அத்தையையும் ஏற்றிக்கொண்டு மாமா அங்கே போனார். தோள் வலித்தால் பக்கத்துத் தெருவில் திரும்பிவிடுவது, வீட்டுக்கு வந்ததும் விற்பனை விளம்பரம் எழுதுவது என்பது உடன்பாடு. அத்தை வழி முழுவதும் சாலையைப் பார்க்கவில்லை, மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வலித்தால் மாமாவின் கீழுதடு மடியும் என்பது அத்தைக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் கடந்தது. உதடு மடியவில்லை. இறங்கும்போது அத்தை கேட்டது ஒன்றே: "வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இதுலயே போலாமா?" பாண்டியாக் நகரில் உள்ள பராசக்தி கோயிலைத்தான் சொன்னார்.

தோள் முற்றும் குணமாகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டா. இன்றும் மாமாவால் வலக்கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. மருத்துவர் சொன்ன பயிற்சிகள் தொடர்கின்றன. நெடுந்தொலைவு ஓட்டுவதை அவர் விட்டுவிட்டார். பனிக்காலத்தில் கார் கொட்டகையை விட்டு வெளிவராது. லிவர் நோயைத் தீர்க்கவில்லை. நோயோடு வாழும் ஒருவரை அவருக்கு விருப்பமான ஒன்றிலிருந்து பிரிக்காமல் காத்தது. அவ்வளவே அதனிடம் கேட்கப்பட்டது.

இந்தக் கணக்கைப் போட்ட நாள்களில் எனக்குள் ஓர் எண்ணம் வலுப்பெற்றது. வலிமை என்று பெயர் சூட்டிக்கொண்ட கார்களை ஓட்டுவோரிடம் சுகம் என்ற சொல்லைச் சொன்னால் சிலருக்கு இகழ்ச்சி. குட்டை லிவர், கனத்த கிளட்ச், கையில் அதிர்வு ஆகியவையே ஆண்மை என்று நினைப்பவரும் உண்டு. நம்மிடையேயும் இந்த நினைப்பு இல்லாமல் இல்லை. உயரத்துக்குப் பொருந்தாத மேசையில் முதுகை வளைத்து எழுதுவோம், பிடிப்புச் சரியில்லாத கருவியோடு ஆய்வகத்தில் மல்லாடுவோம், பிறகு வலியை உழைப்பின் அடையாளமாக எண்ணிக்கொள்வோம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தது செலவுக்கு மட்டும் அன்று, கருவிக்கும் பொருந்தும்.

எனவே பழைய காருக்குக் கியர் லிவர் தேடுவோர் யாரேனும் என்னைக் கேட்டால் நான் சொல்வது இதுதான். கடைக்குப் போகுமுன் காருக்குக் கீழே பாருங்கள், பழுதை நீக்குங்கள். பிறகு உங்கள் காலுக்கேற்ப அமர்ந்து, கண்ணை மூடி, கை விழும் இடத்தை அளந்துகொள்ளுங்கள். தூரம் வேண்டுமா, பாரம் வேண்டுமா என்று உங்கள் தோளைக் கேளுங்கள். அதற்குப் பின் விலைப் பட்டியலைத் திறந்தால், பட்டியலில் உள்ள நூறு லிவர்களில் உங்களுக்கு உரியவை இரண்டோ மூன்றோதான் என்பது தெரியவரும். தேர்வு அப்போது எளிதாகிவிடும்.